இந்திய வட்டார வானூர்தி நிறுவனங்களில் விமானிகளின் ஊதியமும் பதவி உயர்வும்

இந்தியாவின் வட்டார வானூர்தி நிறுவனங்களில் பணியாற்றும் விமானிகளின் ஊதியமும் பதவி உயர்வும் பெரும்பாலும் அவர்கள் பறந்த நேரத்தை அடிப்படையாகக் கொண்டு அமைகின்றன. பெருநகர வானூர்தி நிலையங்களைச் சிறு நகரங்களுடன் சிறிய வானூர்திகளால் இணைக்கும் நிறுவனம் வட்டார வானூர்தி நிறுவனம் எனப்படும். சென்னை மீனம்பாக்கத்தில் இருந்து சேலம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களுக்கு நடத்தப்பட்ட சேவைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இச்சேவைகளில் ஊதியம் பெரிய ஜெட் வானூர்திகளை ஓட்டுவோரின் ஊதியத்தை விடப் பொதுவாகக் குறைவு. ஆனால் கேப்டன் எனப்படும் தலைமை விமானி பதவி விரைவில் கிடைக்கக்கூடும். பயிற்சிச் செலவைப் பெரும்பாலும் விமானியே ஏற்கிறார். பல வட்டார நிறுவனங்கள் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டுள்ளன. எனவே இத்தொழிலின் பொருளாதார இடரில் பெரும்பகுதி விமானியின் மீது விழுகிறது.

வரலாறு

1930 இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் பிளையிங் கிளப், தென்னிந்தியாவில் பறத்தல் பயிற்சி அளித்த தொடக்ககால நிறுவனங்களுள் ஒன்றாகும். 1953 இல் வானூர்தி நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின்னர், உள்நாட்டில் பயணிகள் வானூர்தி ஓட்ட விரும்பியவர்களுக்கு இந்தியன் ஏர்லைன்சே முதன்மையான வேலை வாய்ப்பாக இருந்தது. 1990களில் தனியார் நிறுவனங்கள் அனுமதிக்கப்பட்டதும் இந்நிலை மாறியது. இந்தியன் ஏர்லைன்சின் துணை நிறுவனமான அலையன்ஸ் ஏர் 1996 இல் தொடங்கப்பட்டது. 2022 சனவரியில் ஏர் இந்தியா டாட்டா குழுமத்திடம் சென்றபோது அலையன்ஸ் ஏர் அரசிடமே இருந்தது.

கேப்டன் கோ. ரா. கோபிநாத் 2003 இல் பெங்களூரில் தொடங்கிய ஏர் டெக்கான், இந்தியாவின் முதல் குறைந்த கட்டண வானூர்தி நிறுவனம் ஆகும். இது ஏ.டி.ஆர். வகைச் சிறு வானூர்திகளுடன் சேவையைத் தொடங்கியது. 2020 இல் வெளியான சூரரைப் போற்று திரைப்படம் இவரது வாழ்வைத் தழுவியது. 2005 அக்டோபரில் பாரமவுண்ட் ஏர்வேஸ் எம்பிரேயர் வகை ஜெட் வானூர்திகளுடன் தென்னிந்திய நகரங்களை இணைத்தது. இது வட்டார நிறுவனம் எனினும், வணிக வகுப்பு இருக்கைகளைக் கொண்டிருந்ததால் குறைந்த கட்டண நிறுவனம் அன்று. 2010 இல் இந்நிறுவனத்தின் சேவை நின்றது.

சென்னை எம்.ஆர்.சி. நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சன் குழுமத்தின் கலாநிதி மாறன் 2010 இல் ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்தின் பங்குகளை வாங்கினார். 2015 வரை அந்நிறுவனம் அவரது கட்டுப்பாட்டில் இருந்தது. 2011 இல் அது 78 இருக்கைகள் கொண்ட கியூ400 வானூர்திகளைச் சேவையில் ஈடுபடுத்தியது. 2017 ஏப்ரலில் தொடங்கிய உடான் திட்டத்தின் கீழ், ட்ரூஜெட் நிறுவனம் 2018 மார்ச்சில் சென்னை-சேலம் சேவையைத் தொடங்கியது. இண்டிகோ 2017 டிசம்பரில் ஏ.டி.ஆர். 72 வானூர்திகளை இயக்கத் தொடங்கி, 2023 அக்டோபரில் சென்னை-சேலம் வழித்தடத்திலும் இறங்கியது.

உரிமமும் பயிற்சியும்

இந்தியாவில் விமானிகளுக்கான உரிமங்களைக் குடிசார் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வழங்குகிறது. ஊதியம் பெற்று வானூர்தி ஓட்டுவதற்குக் குறைந்தது சி.பி.எல். எனப்படும் வணிக விமானி உரிமம் தேவை. இதற்குக் குறைந்தது 18 வயது, 200 மணி நேரப் பறப்பு, எழுத்துத் தேர்வுகள், மருத்துவத் தகுதி ஆகியவை வேண்டும். வான்வழி செலுத்தம், வானிலையியல், விமான விதிமுறைகள் ஆகியன தேர்வுப் பாடங்களுள் அடங்கும்.

இவ்வுரிமம் மட்டும் ஒருவரைப் பயணிகள் வானூர்தியின் இருக்கையில் அமர்த்திவிடாது. ஒவ்வொரு வகை வானூர்திக்கும் டைப் ரேட்டிங் எனப்படும் வகைத் தகுதி தனியே பெறப்பட வேண்டும். ஏ.டி.ஆர். 72 வானூர்திக்குப் பெற்ற தகுதியைக் கொண்டு ஏர்பஸ் ஏ320 வானூர்தியை ஓட்ட இயலாது. சி.பி.எல். பயிற்சிக்கும் வகைத் தகுதிக்கும் சேர்த்துப் பல பத்து இலட்சம் ரூபாய் செலவாகும். சில நிறுவனங்களின் முழுமையான பயிற்சித் திட்டங்களில் இது ஒரு கோடி ரூபாயை எட்டுவதும் உண்டு. பொறியியல் கல்லூரியில் பயின்ற மாணவர் பட்டத்துடன் எந்த நிறுவனத்திலும் வேலை தேடலாம். வகைத் தகுதி பெற்ற விமானியோ அவ்வகை வானூர்தி வைத்திருக்கும் நிறுவனங்களில் மட்டுமே அத்தகுதியைப் பயன்படுத்த முடியும். கடன் தவணையோ இரண்டிலும் தவறாமல் வரும்.

வகைத் தகுதிக்கான செலவை நிறுவனமே ஏற்கும்போது, குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கேயே பணியாற்றுவதாக விமானியிடம் ஒப்பந்தம் பெறுவது வழக்கம். இடையில் விலகினால் ஒப்பந்தத் தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டும்.

பதவிப் படிநிலை

புதிதாகச் சேர்பவர் பயிற்சித் துணை விமானியாகத் தொடங்கி, பயணிகளுடன் கூடிய பறப்புகளில் பயிற்றுநர் ஒருவரின் மேற்பார்வையில் ஓட்டுகிறார். தேர்ச்சி பெற்றபின் துணை விமானி ஆகிறார். அடுத்த படி கேப்டன் பதவி. அதற்கு மேல் பயிற்றுநர், தேர்வாளர் ஆகிய பொறுப்புகள் உள்ளன. வணிகப் பறப்பில் ஈடுபடும் விமானியின் வயது வரம்பு 65 ஆகும்.

துணை விமானி கேப்டனாவதற்கு ஏ.டி.பி.எல். எனப்படும் வானூர்திச் சேவை விமானி உரிமம் தேவை. இதற்குக் குறைந்தது 1500 மணி நேரப் பறப்பு வேண்டும். 200 மணி நேரத்துடன் சேரும் ஒருவர் மாதம் 70 மணி நேரம் பறந்தால், எஞ்சிய 1300 மணி நேரத்தை ஏறத்தாழ 19 மாதங்களில் நிறைவு செய்யலாம். நடைமுறையில் இதைவிட நீண்ட காலம் ஆவது வழக்கம். தேர்வுகள், நிறுவனத்தின் சொந்த விதிகள், கேப்டன் பதவியில் காலியிடம் ஆகிய மூன்றும் இக்காலத்தைத் தீர்மானிக்கின்றன.

வட்டார நிறுவனங்களின் ஈர்ப்பு இந்த மூன்றாவது காரணியில் உள்ளது. இங்குள்ள கேப்டன்கள் பெரிய ஜெட் வானூர்திகளை நோக்கி நகர்ந்து கொண்டே இருப்பதால் காலியிடங்கள் உருவாகின்றன. அதே வேளையில், ஒரு நிறுவனத்தில் இருந்து மற்றொன்றுக்குச் செல்பவரின் பணிமூப்பு உடன் செல்வதில்லை. பறப்பு நேரக் குறிப்பேட்டில் பதிந்த மணிகள் அவருடன் செல்லும். வரிசையில் இருந்த இடம் செல்லாது. ஆகவே சிறிய வானூர்தியில் கேப்டனாக இருந்தவர், பெரிய ஜெட் வானூர்தியில் மீண்டும் துணை விமானியாகத் தொடங்க நேரலாம்.

ஊதியத்தின் கட்டமைப்பு

ஊதியம் பொதுவாக மூன்று பகுதிகளைக் கொண்டது. அவையாவன:

1. மாதந்தோறும் மாறாத அடிப்படைத் தொகை
2. பறந்த மணிகளுக்கான தொகை. பல நிறுவனங்கள் குறிப்பிட்ட மணிகளுக்கு, எடுத்துக்காட்டாக மாதம் 70 மணிக்கு, உறுதி அளிக்கின்றன. அதற்கு மேற்பட்ட மணிகளுக்குத் தனியே கணக்கிடப்படும்.
3. வெளியூரில் தங்கும் நாட்களுக்கான படி

பறப்பு நேரம் என்பது வானில் இருக்கும் நேரம் மட்டும் அன்று. வானூர்தி நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்தில் இருந்து, சேருமிடத்தில் நிற்கும் கணம் வரை அது கணக்கிடப்படும். பறப்புக்கு முன்னர் பணிக்கு வந்து ஆயத்தம் செய்யும் நேரமும், பயணிகள் இறங்கி ஏறும் இடைவேளையும் பறப்பு நேரத்தில் சேரா.

இக்கணக்கீடு குறுகிய வழித்தடங்களில் ஓட்டுபவருக்குச் சாதகமாக இல்லை. சென்னைக்கும் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஊருக்கும் இடையே ஒரே நாளில் இருமுறை சென்று திரும்பும் விமானியை எடுத்துக்கொள்வோம். நான்கு பறப்புகளில் அவருக்கு 4 மணி நேரம் பதிவாகும். ஆயத்தத்துக்கு ஒரு மணி நேரமும், மூன்று இடைவேளைகளுக்குத் தலா அரை மணி நேரமும் சேர்த்தால் பணி நேரம் 6 1/2 மணி ஆகிறது. சென்னையில் இருந்து தில்லிக்கு ஒரு முறை சென்று திரும்புபவருக்கு ஏறத்தாழ 5 1/2 மணி நேரம் பதிவாகும். ஒரு மணி நேர ஆயத்தமும் முக்கால் மணி நேர இடைவேளையும் சேர்ந்தால் பணி நேரம் 7 1/4 மணி. முதலாமவரின் பணி நேரத்தில் ஏறத்தாழ 62 விழுக்காடும், இரண்டாமவரின் பணி நேரத்தில் ஏறத்தாழ 76 விழுக்காடும் பறப்பு நேரமாகக் கணக்கிடப்படுகின்றன. முதலாமவர் நான்கு மேலெழுதல்களையும் நான்கு தரையிறக்கங்களையும் செய்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஊதியம் குறைவாக இருப்பதற்கான காரணங்கள்

78 இருக்கைகள் கொண்ட வானூர்திக்கும் 186 இருக்கைகள் கொண்ட ஏர்பஸ் ஏ320 வானூர்திக்கும் இரண்டு விமானிகளே தேவை. இருவகை விமானிகளுக்கும் ஒரே ஊதியம் வழங்கினால், ஓர் இருக்கைக்கான விமானிச் செலவு சிறிய வானூர்தியில் 2.4 மடங்கு ஆகும். உடான் திட்டத்தின் தொடக்கத்தில் ஒரு மணி நேரப் பறப்புக்குப் பாதி இருக்கைகளின் கட்டணம் 2500 ரூபாய் எனும் வரம்புக்குள் வைக்கப்பட்டது. இழப்பை ஈடுசெய்யும் அரசு மானியம் மூன்று ஆண்டுகளுக்கே வழங்கப்பட்டது. வருவாய்க்கு இவ்வாறு மேல்வரம்பு இருக்கும்போது, நிறுவனம் செலவுகளைக் குறைக்க முயல்கிறது.

80க்கும் குறைவான இருக்கைகள் கொண்ட உள்நாட்டுச் சேவை வானூர்திகளுக்குத் தரையிறங்கும் கட்டணத்தில் விலக்கும், 40,000 கிலோகிராமுக்குக் குறைந்த எடை கொண்டவற்றின் எரிபொருளுக்கு 4 விழுக்காடு எனும் குறைந்த விற்பனை வரியும் இந்தியாவில் அளிக்கப்பட்டன. ஏ.டி.ஆர். 72, கியூ400 ஆகிய வானூர்திகள் 78 இருக்கைகளுடன் பறந்ததற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

கேப்டன்களுக்குப் பற்றாக்குறை ஏற்படும்போது ஊதியம் விரைவாக ஏறும். 2000களின் நடுப்பகுதியில் புதிய நிறுவனங்கள் பல தோன்றியபோது வெளிநாட்டுக் கேப்டன்கள் அமர்த்தப்பட்டனர். தொழில் சுருங்கும்போது ஊதியம் அதே விரைவில் இறங்கும். ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்தில் 2020 ஏப்ரல், மே மாதங்களில் விமானிகளுக்கு மாத ஊதியம் இல்லை என அறிவிக்கப்பட்டது. சரக்குச் சேவைகளில் பறந்தவர்களுக்கு மணிக்கணக்கில் வழங்கப்பட்டது. 2022 செப்டம்பரில் அதே நிறுவனம் போயிங், கியூ400 வானூர்திகளின் விமானிகள் ஏறத்தாழ 80 பேரை மூன்று மாதங்கள் ஊதியமற்ற விடுப்பில் அனுப்பியது. அடுத்த மாதமே கேப்டன்களின் ஊதியம் 80 மணி நேரப் பறப்புக்கு மாதம் 7 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்படும் என அறிவித்தது. ஆண்டு ஊதியத்தை மட்டும் நோக்கினால் இத்தகைய ஏற்ற இறக்கம் புலப்படாது.

நிறுவனம் மூடப்படும்போது

ஏர் டெக்கான் 2008 இல் கிங்பிஷருடன் இணைந்தது. கிங்பிஷர் பல மாதங்கள் ஊதியம் வழங்காத நிலையில், 2012 அக்டோபரில் அதன் உரிமம் இடைநிறுத்தப்பட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஏர் கார்னிவல் 2016 இல் தொடங்கி 2017 இல் நின்றது. சென்னைக்கும் சேவை நடத்திய விசயவாடாவின் ஏர் கோஸ்டா 2013 முதல் 2017 வரையே இயங்கியது. ட்ரூஜெட் 2022 இல் நின்றது.

இவ்வாறு வேலையிழக்கும் விமானிக்கு நிலுவை ஊதியம் மட்டுமே சிக்கல் அன்று. பயணிகளை ஏற்றிச் செல்ல, முந்தைய 90 நாட்களில் மூன்று மேலெழுதல்களும் தரையிறக்கங்களும் செய்திருக்க வேண்டும். குறிப்பிட்ட கால இடைவெளியில் சிமுலேட்டரில் திறன் தேர்வும், மருத்துவத் தேர்வும் நடைபெற வேண்டும். இவற்றை நிறுவனம் ஏற்பாடு செய்யாதபோது விமானி தம் செலவில் செய்ய வேண்டியுள்ளது. அரிய வகை வானூர்தி எனில் இடர் மேலும் கூடும். பாரமவுண்ட் நின்ற பின்னர், எம்பிரேயர் 170 வானூர்திக்குத் தகுதி பெற்றவர்களுக்கு 2013 இல் ஏர் கோஸ்டா தொடங்கும் வரை இந்தியாவில் வாய்ப்புகள் மிக அரிதாகவே இருந்தன. ஏ.டி.ஆர். வானூர்தியைப் பல நிறுவனங்கள் பயன்படுத்துவதால் அதன் விமானிகளுக்கு இவ்விடர் ஒப்பீட்டளவில் குறைவு.

முன்னறிவிப்புக் காலம்

விமானிகள் வேறு நிறுவனத்துக்குத் திடீரென விலகிச் செல்வதைத் தடுக்க, பணி விலகலுக்கு ஆறு மாத முன்னறிவிப்பு தேவை என 2005 இல் விதிக்கப்பட்டது. 2017 இல் இது கேப்டன்களுக்கு ஓராண்டாக உயர்த்தப்பட்டது. துணை விமானிகளுக்கு ஆறு மாதமாக நீடித்தது. சேவைகள் தடைப்பட்டால் பயணிகள் பாதிக்கப்படுவர் என்பது இவ்விதிக்கான காரணமாகக் கூறப்படுகிறது. ஊதியம் உயரும் காலத்தில் அதன் பயனை அடைய விடாமல் இவ்விதி தடுக்கிறது என்பது விமானிகளின் வாதம்.

பணி நேர வரம்பும் பாதுகாப்பும்

இந்திய விதிகளின்படி ஒரு விமானி ஏழு நாட்களில் 35 மணி நேரத்துக்கு மேலும், ஓராண்டில் 1000 மணி நேரத்துக்கு மேலும் பறத்தல் கூடாது. ஊதியம் மணிக்கணக்கில் அமையும்போது, விமானிக்கும் நிறுவனத்துக்கும் வரம்பை நெருங்குவதில் ஆர்வம் ஏற்படுகிறது. எனவே களைப்பைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு விதிகளைச் சார்ந்துள்ளது. 2024 சனவரியில் அறிவிக்கப்பட்ட திருத்தங்கள் வார ஓய்வை 36 மணியில் இருந்து 48 மணியாக உயர்த்தின. இரவுத் தரையிறக்கங்களை ஆறில் இருந்து இரண்டாகக் குறைத்தன. இவற்றின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதம் போதிய விமானிகள் இன்றி இண்டிகோ ஆயிரக்கணக்கான சேவைகளை நீக்கியது. சென்னை உட்படப் பல நகரங்களில் பயணிகள் தவித்தனர். அந்நிறுவனத்துக்கு இயக்குநரகம் தற்காலிகத் தளர்வு அளித்தது.

ஐக்கிய அமெரிக்காவில் 2009 பெப்ரவரி 12 அன்று கோல்கன் ஏர் நிறுவனத்தின் கியூ400 வானூர்தி பஃபலோ நகருக்கு அருகே விழுந்து 50 பேர் உயிரிழந்தனர். அதன் துணை விமானி பணிக்கு முந்தைய இரவில் சியாட்டிலில் இருந்து நாட்டின் மறுகரைக்கு வேறு வானூர்திகளில் பயணம் செய்து வந்திருந்தார். விசாரணையின்போது வட்டார விமானிகளின் குறைந்த ஊதியமும் களைப்பும் பரவலாக விவாதிக்கப்பட்டன. 2010 இல் இயற்றப்பட்ட சட்டத்தைத் தொடர்ந்து, பயணிகள் வானூர்தியின் துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணி நேரப் பறப்பு அங்கு 2013 முதல் கட்டாயம் ஆனது. இந்தியாவில் துணை விமானியாக 200 மணி நேரப் பறப்புடன் சேரலாம். இரு நாடுகளின் புதிய துணை விமானிகளின் ஊதியத்தை ஒப்பிடும்போது இவ்வேறுபாட்டையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

ஏர் டெக்கான்
அலையன்ஸ் ஏர்
உடான் திட்டம்
சென்னை பன்னாட்டு வானூர்தி நிலையம்