ஒரே டேட்டாவுக்கு எத்தனை முறை பணம் கட்டுவது?

பெங்களூரில் குடியிருக்கும் நமக்கு வாடகையைக் குறைப்பது நம் கையில் இல்லை. பள்ளிக் கட்டணமும் கோடையில் தண்ணீர் லாரிக்குக் கொடுப்பதும் அப்படித்தான். தொலைக்காட்சி, இணையம், கைபேசி ஆகிய மூன்றுக்கும் போகிற பணம் அப்படியல்ல. அதில் கணிசமான பகுதியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தே வெட்டிவிடலாம். இதுவரை வெட்டாமல் இருப்பதற்குக் காரணம், அந்தச் செலவு நம் கண்ணில் படுவதே இல்லை என்பதுதான்.

கேபிள்காரர் மாதத்தின் முதல் வாரத்தில் வருவார். பிராட்பேண்ட் பில் மாத நடுவில் வரும். வீட்டிலுள்ள நாலு கைபேசிகளுக்கும் நாலு வெவ்வேறு நாட்களில் ரீசார்ஜ் முடியும். ஓடிடி சந்தா வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே 200, 300 ரூபாய் சமாசாரம்.

சேர்த்துப் பார்ப்போம். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ நாலு பேர் உள்ள ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி, கணவன், மனைவி, கல்லூரி போகும் மகள். நாலு கைபேசிக்கும் 28 நாளுக்கு 299 ரூபாய்த் திட்டம். பிராட்பேண்டுக்கு 499 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கேபிளுக்கு 350. ஓடிடிக்குச் சராசரியாக 200. ஆண்டுக் கணக்கில் இது 29,000 ரூபாயைத் தாண்டுகிறது. அதில் சரிபாதிக்கு மேல், ஏறத்தாழ 15,500 ரூபாய், கைபேசி ரீசார்ஜ் மட்டுமே. சிக்கனம் என்றதும் முதலில் கேபிளைத்தான் வெட்ட நினைக்கிறோம். பணம் அதிகம் கசிகிற இடமோ கைபேசி.

இந்த நிலைமை புதியது. 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்த பிறகு, கைபேசிக் கட்டணத்தின் அமைப்பே மாறியது. பேசிய நிமிடத்துக்குக் காசு என்பது போய், அன்றாடம் இத்தனை ஜிபி டேட்டா, அதோடு அளவில்லாத அழைப்பு என்று ஆனது. பெங்களூரிலிருந்து சேலத்துக்கோ வேலூருக்கோ எஸ்டிடி போட மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசிய தலைமுறைக்கு இது பெரிய விடுதலை. ஆனால் பேசுவதற்கு மட்டும் கைபேசி வைத்திருப்பவரும் டேட்டாவுக்குச் சேர்த்துப் பணம் கொடுத்தாக வேண்டும் என்ற நிலையும் அதோடு வந்தது. 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றுமே கட்டணத்தை உயர்த்தின. ஜியோவில் நாளுக்கு 1.5 ஜிபி தரும் 28 நாள் திட்டம் 239-லிருந்து 299 ஆனது. ஏர்டெலில் நாளுக்கு 1 ஜிபி தருவது 265-லிருந்து 299 ஆனது.

இப்போது அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குள் பாருங்கள். சுவரில் ஃபைபர் ரூட்டர் இருக்கிறது. 'அன்லிமிடெட்' என்று விற்கப்படும் வீட்டு இணையத் திட்டங்கள் பலவற்றில் மாத வரம்பு 3,300 ஜிபி அளவில் இருக்கும். ஒரு குடும்பம் எவ்வளவு படம் பார்த்தாலும் அதைத் தொடுவது கடினம். பாட்டி நாள் முழுக்க வீட்டில்தான். அவருடைய கைபேசி வைஃபையில்தான் இயங்குகிறது. அவருடைய சிம்மில் வரும் நாளைக்கு 1.5 ஜிபி, ஒவ்வொரு நள்ளிரவும் தொடப்படாமலேயே காலாவதியாகிறது. மறுநாள் புதிதாக 1.5 ஜிபி வருகிறது, அதுவும் காலாவதியாகிறது. அதற்கு ஆண்டுக்கு 3,887 ரூபாய். ஒரே டேட்டாவுக்கு அந்த வீடு ரூட்டர் வழியாக ஒருமுறையும் சிம் வழியாக மறுமுறையும் பணம் கட்டுகிறது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2024 டிசம்பர் 23-ஆம் தேதி வெளியிட்ட விதித் திருத்தம் இந்தப் பாட்டிக்காகவே வந்ததுபோல் இருக்கிறது. டேட்டா வேண்டாதவருக்கு, அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் கட்டாயம் தர வேண்டும் என்றது அது. இத்தகைய சிறப்புத் திட்டங்களின் செல்லுபடிக் காலத்தையும் 90 நாளிலிருந்து 365 நாள் வரை நீட்டிக்க வழிசெய்தது. 2025 ஜனவரியில் நிறுவனங்கள் அதன்படி திட்டங்களை வெளியிட்டன. ஏர்டெலில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய். ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. விலைகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், ரீசார்ஜ் செய்யும் அன்று நிறுவனத்தின் செயலியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் திட்டங்கள் விளம்பரத்தில் முன்னே வருவதில்லை. செயலியில் கீழே இறங்கித் தேட வேண்டியிருக்கும், கடைக்காரரிடம் 'வாய்ஸ் ஒன்லி பேக்' என்று வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கும்.

3,887 எங்கே, 1,849 எங்கே! ஒரே ஒரு எண்ணில் ஆண்டுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். வங்கி ஓடிபி, ஆதார் ஓடிபி எல்லாம் குறுஞ்செய்தியாகத்தான் வருகின்றன, அதற்குத் தடையில்லை. ஆனால் காய்கறிக் கடையில் கியூஆர் கோடு ஸ்கேன் செய்து பணம் கொடுப்பவருக்கு இது ஒத்துவராது. வெளியே போனால் டேட்டா வேண்டும். அவர்களுக்கு நடுவில் ஒரு வகை உண்டு. நாளுக்கு இத்தனை என்றில்லாமல் மொத்தக் காலத்துக்கும் சேர்த்துச் சில ஜிபி தருபவை அவை. 2024 ஜூலை உயர்வின்போது ஏர்டெல் 365 நாளுக்கு 24 ஜிபி தந்த திட்டத்தின் விலை 1,999. பணம் அனுப்புவதற்கும் வாட்ஸ்அப்புக்கும் பேருந்து எங்கே வருகிறது என்று பார்ப்பதற்கும் மாதம் 2 ஜிபி தாராளம். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், அலுவலகத்தில் வைஃபை உள்ளவர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது இந்த வகையைத்தான். மகள் மெட்ரோவில் வீடியோ பார்த்துக்கொண்டு போகிறாள் என்றால், அவளுக்கு மட்டும் நாளைக்கு 1.5 ஜிபி இருக்கட்டும். நாலு பேருக்கும் ஒரே திட்டம் போடுவது வசதிதான், ஆனால் அந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலை அதிகம்.

28 நாள் கணக்கையும் கவனியுங்கள். மாதம் ஒருமுறை ரீசார்ஜ் செய்கிறோம் என்று நினைக்கிறோம். ஆண்டுக்கு 12 மாதம், ஆனால் 28 நாள் 13 முறை வருகிறது. பலரும் புகார் செய்ததால், 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் உத்தரவிட்டது. 28 நாள், 56 நாள், 84 நாள், 365 நாள் என்று எது வந்தாலும், விலையை நாளால் வகுத்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

பெங்களூர்த் தமிழர் பலரிடம் உள்ள இன்னொரு செலவு, ஊர் சிம். ரேஷன் கார்டுக்கும் ஊரிலுள்ள வங்கிக் கணக்குக்கும் கொடுத்த தமிழ்நாட்டு எண்ணை விட முடியாது, அதனால் அதற்கும் தனியாக ரீசார்ஜ் போகிறது. ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில் இரண்டு சிம்முக்கு நியாயம் இருந்தது. இன்றைய திட்டங்கள் நாடு முழுவதும் ஒன்றுபோலவே வேலை செய்கின்றன. ஒரு எண் போதும் என்றால் ஒன்றை விட்டுவிடலாம். எதை விடுவது என்று தீர்மானிக்குமுன், எந்த எண் எந்த வங்கியிலும் ஆதாரிலும் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். விட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். உங்கள் ஓடிபி அவர் கைக்குப் போகக் கூடாது.

எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றலாம் என்பது தெரிந்ததுதான். எண் பெயர்வு வசதி நாடு முழுக்க 2011 ஜனவரி 20 முதல் இருக்கிறது. 2015 ஜூலை 3 முதல் தமிழ்நாட்டு எண்ணைக் கர்நாடகத்துக்கும் கொண்டுவரலாம். பழைய நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். PORT என்ற சொல்லையும் ஓர் இடைவெளி விட்டு உங்கள் எண்ணையும் 1900-க்கு அனுப்பினால் குறியீட்டு எண் வரும், அது பெரும்பாலான இடங்களில் நாலு நாள் செல்லும். 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு, கட்டணம் உயர்த்தாத பிஎஸ்என்எல்லுக்கு அந்த ஒரு மாதத்தில் மட்டும் நாடு முழுக்கச் சுமார் 29 லட்சம் இணைப்புகள் கூடின. சில மாதங்களில் எண்ணிக்கை மறுபடி இறங்கத் தொடங்கியது. விலையோடு சிக்னலையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். உங்கள் தெருவில், உங்கள் வீட்டுச் சமையலறையில் எந்த நிறுவனம் எடுக்கிறது என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டுவிட்டுப் பெயருங்கள்.

இனி வீட்டு இணையம். 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் 'டேட்டாஒன்' என்ற பெயரில் பிராட்பேண்ட் தொடங்கியபோது 256 கேபிபிஎஸ் வேகமே பெரிதாக இருந்தது. இன்று அடித்தட்டுத் திட்டமே அதைப்போல நூறு மடங்குக்கு மேல். 2020-இல் ஜியோஃபைபர் 30 எம்பிபிஎஸ் வேகத்தை 399 ரூபாய்க்குக் கொண்டுவந்தது, ஏர்டெல் 40 எம்பிபிஎஸ்ஸை 499-க்குத் தந்தது. இரண்டுக்கும் மேலே ஜிஎஸ்டி உண்டு. முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே பரிந்துரைக்கிறது. நாலு பேர் வீட்டுக்கு 40 எம்பிபிஎஸ்ஸில் குறை இருக்காது. பிறகு ஏன் பலர் 100, 200 என்று ஏறிப்போகிறார்கள்? பெரும்பாலும் ரூட்டர் இருக்கும் இடம்தான் காரணம். ஃபைபர் நுழைகிற வாசல் ஓரத்தில், அலமாரிக்குள் ரூட்டர் கிடக்கும். உள்ளறைக்கு வைஃபை எட்டாது. 'நெட் ஸ்லோ' என்று மேல்திட்டத்துக்கு மாறுவார்கள், அப்போதும் உள்ளறைக்கு எட்டாது. ரூட்டரை வீட்டின் நடுவில், உயரமான இடத்தில், திறந்த வெளியில் வையுங்கள். ரூட்டரிலிருந்து நேரடியாகக் கேபிள் போட்டு வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். அதிலும் குறைவாக இருந்தால்தான் குறை நிறுவனத்துடையது.

பழைய வாடிக்கையாளர் பழைய விலையையே கட்டிக்கொண்டிருப்பதும் அடிக்கடி நடக்கிறது. அதே நிறுவனம் புதிதாகச் சேர்பவருக்கு என்ன விலை சொல்கிறது என்று பாருங்கள், பிறகு போன் போட்டு அதே விலையைக் கேளுங்கள். ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் ஒன்றிரண்டு மாதம் இலவசம் என்பார்கள். ஆனால் பெங்களூரில் மின்கம்பங்களில் தொங்கும் கேபிள்களை மின் விநியோக நிறுவனமான பெஸ்காமும் மாநகராட்சியும் அவ்வப்போது வெட்டி இறக்குகின்றன. சேவை பல நாள் நின்றுபோகிற தெரு உங்களுடையது என்றால் முன்பணம் கட்டாதீர்கள்.

தொலைக்காட்சிக்கு வருவோம். பெங்களூரில் 2013 மார்ச் 31-உடன் கேபிள் டிஜிட்டலுக்கு மாறியது, வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வந்தது. 2019 பிப்ரவரி 1 முதல் டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. பார்க்கிற சேனலுக்கு மட்டும் பணம் என்பதே அதன் நோக்கம். அடிப்படை இணைப்புக் கட்டணம் 130 ரூபாய், அதற்கு மேல் கட்டணச் சேனல்களைத் தனித்தனியாக எடுக்கலாம். அப்போது சன் டிவி 19, கேடிவி 19, விஜய் 17, ஜீ தமிழ் 10 ரூபாய். நாலையும் எடுத்தால் ஜிஎஸ்டியோடு மொத்தம் 230 ரூபாய் 10 காசு. புதிய தலைமுறை, தந்தி, பாலிமர் போன்ற செய்திச் சேனல்கள் இலவச வகையில் அடங்கிவிடும். ஆனால் உண்மையில் நடந்தது வேறு. கேபிள்காரரும் டிடிஎச் நிறுவனமும் தமிழ், கன்னடம், இந்தி, விளையாட்டு, கார்ட்டூன் எல்லாம் சேர்த்த பேக்கைக் கையில் திணித்தார்கள், மக்களும் அதையே எடுத்தார்கள். தனித்தனியாக எடுப்பது எப்போதும் மலிவு என்றும் சொல்ல முடியாது. ஒரே குழுமத்தின் நாலைந்து சேனல்கள் வேண்டுமென்றால் அந்தக் குழுமத்தின் தொகுப்பே குறைவாக வரும். ஒன்றிரண்டுதான் பார்க்கிறோம் என்றால் தனியாக எடுப்பதே லாபம். வீட்டில் ஒரு வாரம் எந்தெந்தச் சேனல் ஓடுகிறது என்று தாளில் குறித்துவைத்தால் விடை தெரிந்துவிடும்.

2024 ஜூலையில் டிராய் இணைப்புக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பை நீக்கிவிட்டது. அதை நிறுவனங்களே தீர்மானிக்கலாம். இது நுகர்வோருக்கு நல்லதல்ல என்பதே என் எண்ணம். தமிழ்நாட்டில் 2011-இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்து தனியாரின் விலையை அடக்கியது. கர்நாடகத்தில் அப்படியொரு அரசு நிறுவனம் இல்லை, வரம்பும் இல்லை என்றால் பேரம் பேசுவது ஒன்றே வழி. கேபிள்காரர் அடித்துக் கொடுக்கும் ரசீதில் இணைப்புக் கட்டணம் எவ்வளவு, சேனல் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டாவது டிவிக்கு முழுக் கட்டணம் வாங்கினால் குறைக்கச் சொல்லுங்கள்.

மாதக் கட்டணமே வேண்டாம் என்பவருக்குப் பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ்ஷுக்கும் பாக்ஸுக்கும் ஒருமுறை செலவழித்தால் போதும். டிடி தமிழ், டிடி சந்தனா வரும், இந்திச் சேனல்களே அதிகம். சன், விஜய் சீரியல் பார்க்கிற வீட்டுக்கு இது போதாது. செய்தி மட்டும் பார்ப்பவருக்கு யூடியூபில் தமிழ்ச் செய்திச் சேனல்கள் நேரலையாகவே வருகின்றன, அதற்குக் கேபிள் தேவையில்லை.

இணையத்தையும் டிவியையும் ஒரே இணைப்பில் சேர்ப்பதும் ஒரு வழி. 2023 செப்டம்பரில் பெங்களூர் உட்பட எட்டு நகரங்களில் வந்த ஜியோ ஏர்ஃபைபர், 599 ரூபாயும் ஜிஎஸ்டியும் கட்டினால் இணையம், 550-க்கு மேற்பட்ட சேனல்கள், ஓடிடி எல்லாம் என்றது. நாம் எடுத்துக்கொண்ட குடும்பம் கேபிளுக்கும் பிராட்பேண்டுக்கும் தனித்தனியாகக் கட்டும் 939 ரூபாயோடு ஒப்பிட்டால் மாதம் 230 ரூபாய் மிச்சம். கையெழுத்துப் போடும் முன், வீட்டில் தினமும் பார்க்கும் தமிழ்ச் சேனல்கள் அதில் நேரலையாக வருகின்றனவா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எண்ணிக்கையில் 550 இருந்து, இரவு எட்டு மணி சீரியல் இல்லையென்றால் கேபிள் மறுபடி வந்துவிடும்.

ஓடிடியில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் வைத்துக்கொண்டு, பார்த்து முடித்ததும் அடுத்ததற்கு மாறுங்கள். தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்களுக்கு, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' என்ற பகுதியைத் திறந்தால், எந்தெந்த நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் இருக்கும். வேண்டாததை அங்கேயே நிறுத்தலாம்.

எதை நிறுத்தினாலும் எழுத்தில் நிறுத்துங்கள். பில் கட்டாமல் விட்டால் இணைப்பு தானாகப் போய்விடும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள், சில மாதம் கழித்து நிலுவை என்று அழைப்பு வருகிறது. செயலியிலோ மின்னஞ்சலிலோ துண்டிப்புக் கோரிக்கை கொடுத்து, கோரிக்கை எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டரையும் செட்டாப் பாக்ஸையும் எடுத்துப்போக வருபவரிடம், சாதனத்தின் வரிசை எண் போட்ட ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். முன்பணம் திரும்பி வர அந்த ரசீதுதான் ஆதாரம்.