4 பேர் பேண்டு என்றாலும் தேசிய கீதம் முழங்கும்!
52 விநாடிக்குப் பேண்டு மாஸ்டர் போடும் கணக்கு

சுதந்திர தினம், குடியரசு தினம் வந்துவிட்டால் ராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை கொடியேற்றம்தான். பள்ளிக்கூட வாசல், தொழிற்சாலை கேட், தொழிற்சங்கக் கம்பம், எங்கும் கொடி தயார். மிட்டாயும் தயார்.

"சார், டிரம்பெட் ஊதுற பையன் வரலே!" என்று அந்த நேரம் பார்த்து யாராவது வந்து நின்றால் போச்சு! அவசரத்துக்கு ரெக்கார்டைப் போட்டுவிடுகிறார்கள். வாரக்கணக்கில் பழகிய மற்ற பிள்ளைகள் வாத்தியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டியதுதான்.

இருக்கிற ஆளை வைத்தே வாசிக்க வழி இருக்கிறது.

நியூயார்க்கில் வந்த சிக்கல்

இந்தச் சிக்கல் நாடு சுதந்திரம் அடைந்த ஆண்டிலேயே வந்தது. 1947-ல் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபை கூடியபோது, வாத்தியக் குழு வாசிக்க இந்தியாவின் கீதத்தைக் கேட்டார்கள். நம் தூதுக்குழுவிடம் இருந்தது 'ஜன கண மன' இசைத்தட்டுதான். அதைக் கேட்டே அந்தக் குழு பழகி வாசித்தது. பல நாட்டுப் பிரதிநிதிகள் சொக்கிப்போய் சுரக் குறிப்பு கேட்டார்கள்!

1948 ஆகஸ்டு 25-ந்தேதி அரசியல் நிர்ணய சபையில் பிரதமர் நேருவே இதைச் சொன்னார். 1950 ஜனவரி 24-ந்தேதி அது தேசிய கீதம் ஆயிற்று.

மாறக்கூடாதது

முழு கீதம் வாசிக்க சுமார் 52 விநாடி. முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் என்றால் சுமார் 20 விநாடி.

பேண்டு வாசித்தால் முதலில் டிரம் முழக்கம் வேண்டும். மெதுநடையில் 7 அடி வைக்கும் நேரம் அது. மெல்லத் தொடங்கி, உச்சத்துக்குப் போய், மறுபடி அடங்க வேண்டும். ஒரு தட்டு மவுனம். அப்புறம்தான் கீதம். இது மத்திய உள்துறை அமைச்சகத்தின் உத்தரவு.

மெட்டும் அதேதான். யார் எதை வாசிப்பது என்பதில்தான் மாஸ்டரின் கைவரிசை!

4 பங்கு

கீதத்தை 4 பங்காக எழுத வேண்டும். முதல் பங்கு மெட்டு. இரண்டாவது, அதற்குக் கீழே ஓடும் துணை. மூன்றாவது, நடுவில் நீட்டிப் பிடிக்கும் சுரம். நான்காவது, அடி சுரம். ஆள் குறைந்தால் மூன்றாவதை முதலில் விடலாம். மெட்டை மட்டும் விடவே கூடாது. அதைப் புல்லாங்குழல், கிளாரினெட், ஆர்மோனியம் மூன்றுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டால் ஒருவர் வராவிட்டாலும் இன்னொருவர் தாங்குவார்.

ஒரே தாளை எல்லோருக்கும் கொடுத்தால் வம்பு! வழக்கமான டிரம்பெட்டும் கிளாரினெட்டும் எழுதியதைவிட ஒரு முழுச் சுரம் இறங்கி ஒலிக்கும். ஆல்டோ சாக்சபோன் இன்னும் கீழே போகும். பக்கத்தில் ஆர்மோனியம் சேர்ந்தால் காது கிழியும். அந்தந்த வாத்தியத்துக்கு ஏற்றபடி தனித்தனித் தாள் வேண்டும்.

சாதா பியூகிளில் பட்டன் கிடையாது. சில சுரங்கள்தான் வரும், முழு மெட்டு வராது. பியூகிளை மட்டும் நம்பிய பள்ளிக்கூடம் ஒரு புல்லாங்குழலாவது சேர்த்துக்கொள்வது நல்லது.

கூட்டமும் சேர்ந்து பாடும் என்பதை மறக்கக்கூடாது. மெட்டு கீழ் 'நி' முதல் மேல் 'ச' வரை போகிறது. வாத்தியத்துக்கு வசதி என்று சுருதியை ஏற்றிவிட்டால், முடிவுப் பகுதியில் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஆகஸ்டு பிறக்கும் முன்பே தாள்களை எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டால் போதும். அன்று எத்தனை பேர் வந்தாலும் சரி, வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் வாசிக்கலாம்.