மில் மூடிய பிறகு வரும் இருமல்

"கம்பெனியையே கலைச்சுட்டாங்க, இனி யார் மேலங்க கேஸ் போடறது, வக்கீலம்மா?"

கோவையில் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்கும்போதெல்லாம் இங்கிலாந்தின் போல்டன் நகரத்து நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் வழக்கு நினைவுக்கு வரும்.

அந்தப் பெண் டார்ட் மில் என்ற கம்பெனியில் வேலை பார்த்தவர். ஆலையில் பறக்கும் பஞ்சுத் தூசி ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் பிசினோசிஸ் என்ற நோய் வரும். முதலில் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் மட்டும் நெஞ்சு இறுகும். போகப்போக எல்லா நாளும் இறுகும். அவருக்கு 1970-இல் நோய் உறுதியானது. மில் கம்பெனி 1976-இல் கலைக்கப்பட்டது. அவர் நஷ்டஈடு கேட்க வந்தபோது மிஞ்சியிருந்தது மில்லுக்குக் காப்பீடு கொடுத்திருந்த ஈகிள் ஸ்டார் இன்சூரன்ஸ்தான். அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1989-இல் கைவிரித்துவிட்டது. மில்லின் பொறுப்பு நிரூபணமானால்தான் இன்சூரன்ஸைக் கேட்க முடியும். இல்லாத கம்பெனி மீது எதை நிரூபிப்பது? கலைப்பை ரத்து செய்யக் கேட்பதற்கு இருந்த இரண்டு ஆண்டுக் கெடுவும் எப்போதோ முடிந்திருந்தது. நீதிபதிகளில் டெம்பிள்மன் பிரபு ஒருவர்தான் மாறுபட்டார்.

அந்தத் தீர்ப்பை எப்போது படித்தாலும் என் மனம் ஆறுவதில்லை. முற்றுவதற்கே பல ஆண்டு எடுக்கும் நோய்க்கு இரண்டு ஆண்டுக் கெடு எப்படிப் பொருந்தும்? பாராளுமன்றத்துக்கும் அது உறைத்தது. அதே 1989-இல் சட்டத்தைத் திருத்தி, உடல் பாதிப்பு வழக்குக்காக என்றால் இரண்டு ஆண்டுக் கெடு இல்லை என்றார்கள். 2016-இல் அமலுக்கு வந்த இன்னொரு சட்டத்தால், கம்பெனியை உயிர்ப்பிக்காமலே இன்சூரன்ஸ் மீது நேராக வழக்குப் போடலாம்.

நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். பதிவாளர் பெயரை நீக்கிய கம்பெனி என்றால் கதவு திறந்தே இருக்கிறது. தனக்கு வரவேண்டியதை வசூலிக்கவும் தான் தரவேண்டியதைத் தீர்க்கவும் அந்தக் கம்பெனி இருப்பதாகவே 250-ஆவது பிரிவு கொள்கிறது. டைரக்டர்களின் பொறுப்பும் போகாது. தொழிலாளியோ, கடன் கொடுத்தவரோ, அந்தக் கம்பெனியேகூட, அரசிதழில் அறிவிப்பு வந்து 20 ஆண்டுக்குள் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் பெயரைத் திரும்பச் சேர்க்கக் கேட்கலாம்.

சொத்தை விற்றுப் பங்கிட்டு முறைப்படி கலைத்த கம்பெனி என்றால் நிலைமை வேறு. அங்கே 356-ஆவது பிரிவு தருவது இரண்டே ஆண்டு, போல்டன் பெண்ணைத் தடுத்த அதே கெடு. உடல் பாதிப்புக்கு மட்டுமாவது அதை நம் நாடாளுமன்றம் நீக்க வேண்டும்.

அதுவரை, வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கம்பெனி எந்த வழியில், எந்தத் தேதியில் போனது என்பதைத்தான். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டாலே தெரிந்துவிடும். கலைப்பை நடத்தும் லிக்விடேட்டர் இன்னும் கணக்கை முடிக்கவில்லை என்றால் சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, டாக்டர் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே அவரிடம் மனுக் கொடுத்துவிடச் சொல்கிறேன்.