மோட்டார் சைக்கிளின் முணுமுணுப்பு

வேலூரிலிருந்து கணியம்பாடியைக் கடந்து சுமார் 25 கிலோமீட்டர் சென்றால், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி என்னும் சிற்றூர் வருகிறது. 1967-ல் அமைந்த மிருகக்காட்சிசாலையையும் காட்டுக்குள்ளிருக்கும் அருவியையும் பார்ப்பதற்காக, விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக மோட்டார் சைக்கிளில் ஜனங்கள் வந்து இறங்குகிறார்கள். பட்டணத்து இரைச்சலில் அமுங்கிக் கிடந்த ஓர் ஓசை, இந்தச் சாலையின் நிசப்தத்தில்தான் முதன் முதலாகக் காதில் விழுகிறது. டிக், டிக், டிக்! "என்னங்க, வண்டி ஏதோ சத்தம் போடுகிறதே?" என்று பின்னால் அமர்ந்திருக்கும் அம்மாள் கேட்கிறாள். அருவி பார்த்த ஆனந்தத்தில் பாதி அங்கேயே போய்விடுகிறது.

மறுநாள் கிடைக்கும் யோசனை அநேகமாக ஒன்றுதான்: "கெட்டியான ஆயிலாக ஊற்றுங்கள், சத்தம் அடங்கிவிடும்." சத்தம் சில சமயம் அடங்குவதும் உண்டு. ஆனால் சத்தத்தின் காரணம் அடங்கிற்றா என்பதல்லவா கேள்வி! ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் எத்தனையோ பேருக்கு இந்த வண்டிதான் கால். அது படுத்துக்கொண்டால் அன்றைய கூலியும் படுத்துக்கொள்ளும். ஆகையால் இந்த விஷயத்தைச் சற்று விவரமாகவே பார்க்கலாம்.

எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் நுழைவதற்கு ஒரு கதவு, எரிந்த புகை வெளியேறுவதற்கு ஒரு கதவு. இவற்றுக்கு வால்வு என்று பெயர். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒரு தடவை திறந்து மூடும். நிமிஷத்திற்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில், ஒரு வால்வு விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. அதைத் தட்டித் திறக்கும் உறுப்புக்கும் வால்வின் தலைக்கும் நடுவே, அநேக வண்டிகளில், மயிரிழை போன்ற ஓர் இடைவெளி வைத்திருப்பார்கள். சிறிய வண்டிகளில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. உலோகம் சூடேறினால் நீளும். நீளுவதற்கு இடம் வேண்டுமே, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இடைவெளி இருந்தால் சிறிது ஓசையும் இருக்கும். மெல்லிய, சீரான டிக் டிக் ஓசை எஞ்சின் சௌக்கியமாக இருப்பதன் அடையாளமே.

ஓசையே பிடிக்காத சில வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திருப்தி செய்வதற்காக டாப்பெட்டை இறுக்கிவிடும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். வண்டி அன்று பூனை போல் ஓடும். ஆனால் சூட்டில் நீண்ட வால்வு முழுவதும் மூடமாட்டாமல் நிற்கும். அந்தச் சந்து வழியே நெருப்புப் போன்ற புகை சீறிப் பாயும். புகை வால்வின் விளிம்பு கருகும். பிறகு அழுத்தம் குறைந்து, காலையில் எத்தனை உதை உதைத்தாலும் வண்டி கிளம்பாது. அளவுக்கு மேல் தளர்ந்தால் சத்தமும் தேய்மானமும். அளவுக்கு மேல் இறுகினால் மௌனமும் நாசமும். இரண்டில் மௌனத்துக்கே நான் அதிகம் பயப்படுவேன்.

இந்த ஓசைக்குத் தமிழ்நாட்டில் பெயர் பெற்றது புல்லட். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி, 1932-ல் புல்லட் என்ற பெயரை முதலில் சூட்டியது. சுதந்திர இந்தியாவின் ராணுவத்துக்கு அந்த வண்டி பிடித்துப்போகவே, 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா ஏற்பட்டது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970-ல் தாய்க் கம்பெனி கதவடைத்தது; சென்னைக் குழந்தையோ வளர்ந்து, 1977-ல் இங்கிலாந்துக்கே வண்டி ஏற்றுமதி செய்தது. நம்மவர் கைவேலையை நினைத்து நாம் பெருமைப்பட வேண்டிய சமாசாரம் இது.

வார்ப்பிரும்பு உருளை கொண்ட அந்தப் பழைய புல்லட்டில் டாப்பெட்டைப் பார்ப்பது சுலபம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளேயிருக்கும் புஷ்ராடை விரலால் திருகிப் பார்க்க வேண்டும். அது தாராளமாகச் சுழல வேண்டும்; மேலும் கீழும் ஆடக் கூடாது. 2009-ஐ ஒட்டி வந்த புது எஞ்சினில் இந்த வேலையே இல்லை. அதில் உள்ளது ஹைட்ராலிக் டாப்பெட். எண்ணெயின் அழுத்தத்தாலேயே இடைவெளியைத் தானாகச் சரி செய்துகொள்ளும். இரவு முழுவதும் நின்ற வண்டி, காலையில் சில விநாடிகள் டிக் டிக் என்றுவிட்டு ஓய்ந்தால் கவலை வேண்டாம்; டாப்பெட்டுக்குள் எண்ணெய் நிரம்புகிறது, அவ்வளவுதான். 2020-ல் மீட்டியரோடு வந்த எஞ்சினிலோ புஷ்ராடே கிடையாது.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். டப்பாவின் மேல் 15டபிள்யூ-50 என்றும் 20டபிள்யூ-50 என்றும் அச்சிட்டிருக்கும். முதல் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகி ஓடும் என்பதைக் காட்டுவது. சிறிய எண்ணாக இருந்தால் சீக்கிரம் ஓடும். இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மைக்கு உரியது. பழைய வார்ப்பிரும்புப் புல்லட்டுக்கு 20டபிள்யூ-50. ஹைட்ராலிக் டாப்பெட் உள்ளதற்குக் கம்பெனி சொல்வது 15டபிள்யூ-50. "வேலூர் வெயிலுக்குக் கெட்டியான 20 எண்தான் தாங்கும்" என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரண்டுமே சூட்டில் ஒரே 50 வகுப்புத்தான்! வித்தியாசமெல்லாம் விடியற்காலையில் கிளப்பும்போதுதான். அப்போது கெட்டியான எண்ணெய், ஹைட்ராலிக் டாப்பெட்டின் நுண்ணிய துளைகளை அடையத் தாமதமாகும். சத்தத்தை அடக்க ஊற்றியதே சத்தத்தை நீட்டிவிடும். 10டபிள்யூ-30 கேட்கும் நூறு சி.சி. வண்டியில் கெட்டியானதை ஊற்றுவதும் இத்தகைய காரியந்தான். இந்த நியாயத்தைத் தோல் பதனிடுகிறவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. செருப்பின் அடித்தோலுக்கும் மேல்தோலுக்கும் அவர்கள் ஒரே பதம் போடுவார்களா?

மோட்டார் கார் எண்ணெய் வேறொரு வம்பு. இக்கால மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் கிளட்சும் கியரும் எஞ்சினும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. வழுக்கும் மருந்து கலந்த கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் தட்டுகள் பிடிப்பு விட்டு, மேட்டில் எஞ்சின் அலறும், வண்டி நகராது. டப்பாவின் மேல் 'ஜாஸோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

எந்த எண்ணெயும் தீர்க்காத சத்தங்களும் உண்டு. சைலன்ஸர் குழாய் எஞ்சினோடு சேருமிடத்தில் புகை கசிந்தால் டாப்பெட் போலவே கேட்கும். மேட்டில் பெரிய கியரில் திணறும்போது மட்டும் கிணுகிணுத்தால், குற்றம் பெட்ரோல் எரியும் விதத்தில் இருக்கிறது. முதலில் கியரைக் குறைத்துப் பாருங்கள். அடிப்பகுதியிலிருந்து கனமாக டொக் டொக்கென்று வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டியதுதான். வீடு வரை ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம். வண்டியை நிறுத்திய பிறகு கேட்கும் டிக் டிக் சத்தமோ சூடு ஆறும் உலோகம் சுருங்குவது. அதற்காக யாரும் பட்டறைக்குப் போக வேண்டாம்.

சத்தம் கேட்டதும் முதலில் செய்ய வேண்டிய காரியத்துக்குக் காசு வேண்டாம். வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்தி, சில நிமிஷம் ஆறவிட்டு, எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். பல வண்டிகளில் அது குறைந்திருப்பதே முழு வியாதியும்.

எண்ணெய் மாற்றும்போது வடித்தெடுத்த கறுப்பு எண்ணெயை என்ன செய்வது? பட்டறைக்காரர் அதைச் சாக்கடையில் கொட்டாமல் டின்னில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குகிறவரிடம் கொடுக்கிறாரா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பது சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று 1996-ல் தீர்ப்பான வழக்கு. அதே ஆற்றின் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் நாம்.