ஜன்னலோரப் பச்சை – 9
முத்தைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விடுங்கள்

போன ஐப்பசியில் என் முத்துச்சரச் செடி செத்துப்போனது. கூடத்து ஜன்னலில் இரண்டு முழ நீளத்துக்குத் தொங்கிய செடி. அடைமழையின் மூன்றாம் நாள் ஒரு சரத்தை லேசாகத் தூக்கினேன். மண்மட்டத்தில் அறுந்து கையோடு வந்துவிட்டது. அடியிலிருந்த முத்துகள் வெந்த பட்டாணிபோல விரலில் நசுங்கின. புளித்த வாடை. மழை ஒரு சொட்டுகூடத் தொட்டியில் விழவில்லை. வெயில் காலத்தில் ஊற்றிய அதே கணக்கில், வாரம் இருமுறை, நான்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நர்சரியில் ‘ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலம். அங்கே இது தொங்குவதில்லை. புதர் நிழலிலும் பாறை ஓரத்திலும் தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டுப் பாய்போலப் பரவுகிறது. கோர்டன் ரௌலி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளரைச் சிறப்பிக்கும் விதமாக 1968-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். சூரியகாந்திக் குடும்பம், சின்ன வெள்ளைப் பூவில் இலவங்கப்பட்டை வாசம் வரும்.

முத்து என்று நாம் சொல்வது இலைதான். உள்ளே நிறைய நீர், வெளியே குறைந்த தோல். வெயிலில் நீர் ஆவியாகாமலிருக்க உருண்டையைவிட நல்ல வடிவம் ஏது? ஆனால் உருண்ட இலைக்குள் வெளிச்சம் எப்படிப் போகும்? ஒரு முத்தை விரலில் ஏந்தி ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் நகம் கீறியதுபோல ஒரு கோடு, அது மட்டும் கண்ணாடிபோல ஒளி விடும். அந்தக் கோடு வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே இறங்குகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். முத்து விறைப்பாக இருந்தால் தொட்டியைத் தொடாதீர்கள். காற்றிறங்கிய பலூன்போலத் தொய்ந்து சுருக்கம் தெரிந்தால், அடித்துளை வழியே வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். நம் ஊரில் அது கோடையில் வாரம் ஒருமுறை வரலாம்; ஐப்பசி, கார்த்திகையில் மூன்று வாரம்கூட ஆகலாம்.

தென்னை நார்க்கழிவில் மட்டும் வைத்து விற்பார்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாங்கிவந்ததும் ஒரு பங்கு தோட்ட மண்ணோடு இரண்டு பங்கு பருமணலும் செங்கல் பொடி ஜல்லியும் கலந்து மாற்றிவிடுங்கள். தொட்டி ஆழமில்லாததாக இருக்கட்டும்.

வெளிச்ச விஷயத்தில் பலரும் தவறும் இடம் ஒன்று. தொட்டியை உத்தரத்தை ஒட்டி மாட்டினால் தொங்கும் சரத்துக்கு வெளிச்சம் கிடைக்கும், தொட்டியின் தலைக்குக் கிடைக்காது. அங்கே மண் காயாமல் அழுகல் தொடங்கும். கிழக்கு ஜன்னலில், தலைமீது காலை வெயில் படும் உயரமே சரி.

அழுகிவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். நுனியில் விறைப்பாக இருக்கும் சரங்களைக் கையளவு நறுக்கி, ஒரு நாள் நிழலில் உலர்த்தி, புதுக்கலவையின்மேல் படுக்கவைத்து ஹேர்பின்னால் அழுத்திவிடுங்கள். புதைக்க வேண்டாம். சில வாரங்களில் கணுக்களில் வேர் இறங்கும். இப்போது என் ஜன்னலில் இருப்பது அப்படிப் பிழைத்த ஐந்து துண்டுகள்தான்.

பூனை, நாய், தவழும் குழந்தை உள்ள வீடாக இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். பட்டாணிபோல இருக்கிறதே என்று வாயில் போட்டால் ஆகாது, இது நச்சுச்செடி. கைக்கெட்டாத இடம் வீட்டில் இல்லையென்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.