ஒரு பூட்டும் ஒரு குறுக்கீடும்

கணினியின் விசைப்பலகை போன்ற கருவிகளை இயங்குதளத்தோடு இணைத்துவைக்கும் நிரலைச் சாதன இயக்கி என்பர். அதன் வேலைகளுள் ஒன்று, வந்து காத்திருக்கும் எழுத்துகளை எண்ணிவைத்தல்.

'ஒன்றைக் கூட்டு' என்பது நமக்கு ஒரே செயல். கணினிக்கோ மூன்று: எண்ணைப் படித்தல், கூட்டல், திரும்ப எழுதுதல். இரண்டு ஆசிரியர்கள் கரும்பலகையிலுள்ள வருகைத் தொகையைத் திருத்துவதாக வைத்துக்கொள்வோம். இருவரும் 40 என்பதைப் படித்துக்கொள்கின்றனர்; தத்தம் வகுப்பிற்குப் பிந்தி வந்த பிள்ளையைச் சேர்த்து இருவருமே 41 என்று எழுதுகின்றனர். கூட்டல் அறியாதவர் எவருமில்லை. ஆயினும் ஒரு பிள்ளையைக் காணோம்! இதுவே பந்தய நிலை.

வேளை பொருந்தினாலன்றி இப்பிழை தலைகாட்டாது. தெராக்-25 என்னும் கதிர்மருத்துவப் பொறியால் 1986இல் அமெரிக்காவின் டைலர் நகரில் நோயாளர் இருவர் அளவுமீறிய கதிர்பட்டு மாண்டனர். பொறியை இயக்கியவர் பழக்கத்தால் விரைந்து தட்டச்சிட்டபொழுதே பிழை வெளிப்பட்டது.

ஒருவர் உள்ளே இருக்கையில் மற்றவர் வெளியே நிற்க வேண்டும் என்னும் சிக்கலுக்கு 1965இல் நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா ஒரு தீர்வு வெளியிட்டார். இன்று இதற்குப் பூட்டைப் பயன்படுத்துகின்றனர். பூட்டு எளிது, இயக்கியில் அதனைப் போடும் விதமே கடினம்.

விசையை அழுத்தியதும் கருவி செயலியை அழைக்கும். செயலி கைவேலையை அப்படியே நிறுத்திவிட்டு அதனைக் கவனிக்கும். இது குறுக்கீடு. கைவேலையானது பூட்டை வைத்திருக்கும் வேளையில், அதே செயலியில் குறுக்கீடு வந்து அதே பூட்டைக் கேட்டால் என்னாகும்? பூட்டு விடுபடக் கைவேலை தொடர வேண்டும். கைவேலை தொடரக் குறுக்கீடு முடிய வேண்டும். இரண்டும் நடவா. கணினி அசைவற்று நிற்கும். ஆதலின் லினக்ஸ் இயங்குதளத்தில் 'ஸ்பின்லாக் ஐஆர்க்யூசேவ்' என்னும் முறையால், முதலில் அச்செயலியின் குறுக்கீடுகளை அடைத்துப் பின்னரே பூட்டை எடுப்பர். பூட்டை விட்டதும் முந்தைய நிலையை மீட்பர். இடையில் உறங்கக்கூடிய வேலை எதுவும் கூடாது. நொடியின் சிறு கூறில் முடித்துவிட வேண்டும்.

மேலும், பூட்டு காப்பது நிரல்வரியையன்று, தரவை. அத்தரவைத் தொடும் எல்லா வழிகளும் அதே பூட்டைக் கேட்டாக வேண்டும். படிக்கும் வழிக்கும் எழுதும் வழிக்கும் பூட்டிட்டவர், கருவியைக் கழற்றும் வழியை மறந்துவிடுவதுண்டு. யுஎஸ்பி கருவியொன்றை ஒருவர் சட்டென்று பிடுங்குகிறார். இயக்கியின் ஒரு பகுதி நினைவக இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மற்றொரு பகுதியோ அவ்விடத்தையே இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது.