சுண்ணாம்புமலை நாடும் கல்லுடைக்கும் தொழிலும்

தறிக்குழியில் கால் வைத்திருப்பவரும் ஏர் பிடிப்பவரும் ஒரே சங்கத்தில் அங்கத்தினராய் இருப்பது போல, அவ்விரு தொழில்களுக்கும் பொதுவாய் உதவி வரும் பொருள் ஒன்றுண்டு. அதுவே சுண்ணாம்பு. நம் சாயக்காரர்கள் தகரை விதையைக் காய்ச்சி விட்டு நீலச் சாலைப் பதப்படுத்தியபோது அதில் சுண்ணாம்பும் சேர்ந்தது. புளிப்பேறிய நிலத்தைத் திருத்த உழவனுக்கு அது வேண்டும். வீடு கட்டவும் வேண்டும், வெற்றிலைக்கும் வேண்டும். ஆயினும் அது எங்கிருந்து வருகிறது, அதை வெட்டி எடுத்த இடத்தில் பின்னர் என்ன நேர்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. சுண்ணாம்புக் கல்லையே உடலாகக் கொண்ட ஒரு மலைநாட்டின் வரலாற்றை இம்மாதம் அன்பர்கள் முன் வைக்கிறோம். அந்நாடு இங்கிலாந்தின் நடுவே, மான்செஸ்டர் ஷெபீல்டு ஆகிய இரு தொழில் நகரங்களுக்கும் அருகில் உள்ள பீக் மாவட்டமாகும். பஞ்சாலைத் தொழில் முதலில் வேரூன்றிய பூமியும் அதன் ஓரத்திலேயே இருப்பதால், நெசவாளர்களுக்கு அது முற்றிலும் அயலான இடமன்று.

ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்விடம் வெப்பமான ஆழமற்ற கடலாய் இருந்தது. பவழங்களும் கிளிஞ்சல்களும் கடலல்லிகளும் மடிந்து அடியில் படிந்து இறுகிக் கல்லாயின. இன்று அக்கல் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில், வெளிர் சாம்பல் நிறமான பீடபூமியாய் நிற்கிறது. அதனை வெண் பீக் என்பர். அதைச் சூழ்ந்து, மணற்பாறையும் கரும்பாசி மண்ணும் கொண்ட மேட்டு நிலத்தைக் கரும் பீக் என்பர். வெண் பீக்கின் நிலம் இனிப்பு, கரும் பீக்கின் நிலம் புளிப்பு. இவ்வொரு வேற்றுமையே அந்நாட்டின் பொருளாதாரத்தைப் பெரிதும் வகுத்தது எனலாம்.

சுண்ணாம்பு மலையில் நீர் தங்காது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சிறிது கலந்துகொண்டு கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அணு அணுவாய் அதைக் கரைத்துச் செல்லும். இவ்வாறு உண்டான குகைகள் காசில்டன் என்னும் ஊரில் புகழ் பெற்றவை. மனிபோல்டு என்னும் ஆறு கோடைக்காலத்தில் தன் படுகையை விட்டு மறைந்து பூமிக்கடியில் ஓடி, சில கல் தொலைவுக்கப்பால் மீண்டும் வெளிப்படும். மேட்டில் மாடு வளர்ப்போர், களிமண் மெழுகிய வட்டக் குட்டைகளை அமைத்து மழைநீரைத் தேக்கி வைத்தனர். நீரில்லாத நாட்டில் ஒரு குட்டை என்பது எத்தகைய செல்வம் என்று நம் வானம்பார்த்த பூமிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்நிலத்தின் அடியில் ஈயம் கிடைத்தது. ஈயச் சுரங்கங்களில் ஊறிய நீரை வெளியேற்ற மலையைக் குடைந்து வடிகாற் சுரங்கங்கள் வெட்டினார்கள். இவ்வகை வடிகால் ஒன்றின் நீர்தான் 1771இல் ரிச்சர்டு ஆர்க்ரைட் கிராம்போர்டில் நிறுவிய நூற்பு ஆலையின் சக்கரத்தைச் சுழற்ற உதவிற்று. பூமிக்கடியிலிருந்து வரும் நீராதலால் அது கடுங்குளிர் காலத்திலும் உறையவில்லை. கைராட்டையைப் பின்தள்ளிய ஆலைகளுக்கு முன்மாதிரியாய் அமைந்தது, ஈயம் எடுப்பவர் வேண்டாமென்று வடித்துவிட்ட நீரால் ஓடிற்று என்பது விந்தையே. ஆனால் பின்னாளில் வேறு சுரங்கக்காரர்கள் இன்னும் தாழ்வான மட்டத்தில் மீர்புரூக் என்னும் வடிகாலைத் தோண்டி வரவே, மேல் வடிகாலின் நீர் குறையலாயிற்று. ஆர்க்ரைட்டின் மகன் வழக்காடினார். சுரங்கத்தை உலர்த்துவதற்காக மனிதர் செய்த நீரோட்டம் அது, அதனை என்றென்றும் பெறும் உரிமை ஆலைக்காரருக்கு இல்லை என்று 1839இல் தீர்ப்பாயிற்று. 1840களில் கிராம்போர்டு ஆலையின் நூற்பு நலிந்ததற்கு நீர்க்குறைவும் ஒரு காரணம்.

இனிச் சுண்ணாம்புக்கு வருவோம். சுண்ணாம்புக் கல்லைக் காளவாயிலிட்டு ஏறத்தாழ 900 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சுட்டால், 100 ராத்தல் தூய கல்லில் 44 ராத்தல் கரியமில வாயுவாய்ப் போய்விட, 56 ராத்தல் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். நீர் பட்டால் அது கொதித்து நீறும். பதினெட்டாம் நூற்றாண்டிலும் அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியிலும் பொது மேய்ச்சல் நிலங்களைச் சட்டத்தின் மூலம் பங்கிட்டு வேலி கட்டியபோது, அதுவரை எவரும் உழாத புளிப்பு மண்ணைத் திருத்த வேண்டியதாயிற்று. மட்டக்குதிரைகளின் முதுகில் சுண்ணாம்பு மேட்டு நிலங்களுக்கு ஏறிற்று. சாந்தின்றிக் கல்லடுக்கிக் கட்டிய நீண்ட சுவர்கள் இன்றும் அக்காலத்துக்குச் சாட்சி. நிலம் பங்கிட வந்த ஆணையர்கள், கல் வெட்டவும் சுண்ணாம்பு சுடவும் ஊருக்குப் பொதுவாகச் சிறு துண்டு நிலங்களை ஒதுக்கியதுண்டு. இது நல்ல ஏற்பாடே. ஆனால் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பசுவை விட்டுப் பிழைத்த குடிசைக்காரனுக்குப் பங்கு அற்பமாகவே கிடைத்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. பொதுச் சொத்தைப் பிரித்தபின் பொதுக் காளவாய் கொடுத்தது, மாட்டை விற்றுக் கயிற்றைத் தானம் செய்தது போலத்தான்.

நெசவுக்கும் சுண்ணாம்புக்கும் உள்ள நெருக்கம் இதே காலத்தில் புதுவழியில் வளர்ந்தது. அதற்குமுன் ஐரோப்பாவில் துணியை வெளுக்க அதைப் புல்வெளியில் விரித்துப் புளித்த மோரும் வெயிலும் படுமாறு மாதக்கணக்கில் கிடத்துவர். பிரெஞ்சு ரசாயனியான பெர்த்தோலே 1785இல் குளோரின் வாயு நிறத்தைப் போக்கும் என்று காட்டினார். ஆனால் வாயுவைக் கையாள்வது ஆபத்தாயிருந்தது. கிளாஸ்கோ நகரின் சார்லஸ் டென்னன்ட் 1799இல் நீற்றிய சுண்ணாம்பின்மேல் அவ்வாயுவைச் செலுத்திச் சலவைத்தூள் செய்ய உரிமை பெற்றார். மூட்டையில் கட்டி அனுப்பத்தக்க அத்தூள் வந்தபின், மாதங்கள் பிடித்த வெளுப்பு நாட்களில் முடிந்தது. லங்காஷயர் ஆலைத்துணி அத்தனை மலிவாய் நம் சந்தைகளுக்கு வந்து இறங்கியதற்கு ஆலை ஒரு காரணம் என்றால், இத்தூளும் ஒரு சிறு காரணம் என்றே கருதுகிறோம்.

கல்லை வெளியூர்களுக்குக் கொண்டு செல்ல 1796இல் டவ் ஹோல்ஸ் குவாரிகளிலிருந்து பக்ஸ்வொர்த் கால்வாய்த் துறைவரை ஆறு கல்லுக்கு மேற்பட்ட தூரம் டிராம் பாதை ஒன்று திறந்தார்கள். பாரமேற்றிய வண்டிகள் தம் எடையாலேயே சரிவில் இறங்கின. காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்தன. மிகச் செங்குத்தான ஓரிடத்தில் மட்டும், இறங்கும் வண்டிகளே சங்கிலியால் காலி வண்டிகளை மேலே ஏற்றின. நிலக்கரியோ நீராவியோ செலவில்லை. அப்பாதை 1920களில் வழக்கொழிந்தது.

பக்ஸ்டன் ஊருக்கருகிலுள்ள கிரின் குன்றில் சுண்ணாம்பு சுட்ட சாம்பல் மலைபோல் குவிந்தது. மழையில் நனைந்து இறுகிய அச்சாம்பல் மேடுகளைக் குடைந்து, காளவாய்த் தொழிலாளர் குடும்பங்கள் அவற்றினுள் குடியிருந்தன. பூமி மட்டத்திலிருந்து புகை எழுவதைக் கண்டபின்பே கீழே வீடிருப்பதை உணர்ந்த வழிப்போக்கர் உண்டு. பக்ஸ்டனோ செல்வர்கள் நீராட வரும் ஊர். அவர்கள் கண்ணுக்கு இக்காட்சி உறுத்தலாயிற்று. ஆகவே 1820ஆம் ஆண்டையொட்டி, நிலத்துக்குடைய பிரபு அக்குன்றில் மரம் நட்டுச் சாம்பலை மறைக்க ஏற்பாடு செய்தார். இன்று அது அழகிய காடு. குவாரி நிலத்தைத் திருத்திய முயற்சிகளில் இது பழமையானது என்று பாராட்டுவோர் உள்ளனர். மறைக்கப்பட்டது சாம்பல் மட்டுமா என்று நாம் கேட்காமல் இருக்க இயலவில்லை.

1891இல் பக்ஸ்டன் வட்டாரத்துச் சுண்ணாம்பு முதலாளிகள் பலர் ஒரே கம்பெனியாய் இணைந்தனர். தம்முள் விலைப் போட்டியிட்டு நலிந்தவர்கள் சேர்ந்து பிழைத்தனர். சேர்ந்தவர் முதலாளிகள், கல்லுடைத்தவர்கள் அல்லர். 1929இல் தன்ஸ்டெட் என்னுமிடத்தில் பெருங் குவாரி தொடங்கிற்று. அதன் கல் செஷயரிலுள்ள சோடா ஆலைகளுக்கு ரயிலேறிச் சென்றது. கண்ணாடிக்கும் சவுக்காரத்துக்கும் வேண்டிய சோடா உப்பைச் செய்யச் சுண்ணாம்பும் உப்பும் இன்றியமையாதன. மிகத் தூய கல்லாதலால் அதற்கு அவ்வளவு மதிப்பு. அத்தகைய கல்லில் பெரும்பகுதியைப் பொடித்துச் சாலைக்குக் கொட்டுவது, பட்டு நூலால் மூட்டை கட்டுவதற்கு ஒப்பாகும்.

1949இல் தேசீயப் பூங்காச் சட்டம் நிறைவேறி, 1951இல் பீக் மாவட்டம் பிரிட்டனின் முதல் தேசீயப் பூங்காவாயிற்று. அதன் படத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வியப்பு உண்டாகும். மேற்குப் புறத்தில் பக்ஸ்டனையும் அதைச் சுற்றிய குவாரிகளையும் விலக்கி, எல்லைக்கோடு உள்நோக்கி வளைந்து செல்கிறது. கல்லையும் காட்சியையும் சேர்த்துக் காக்க முடியாதென்று கண்டவர்கள், கல்லைக் கோட்டுக்கு வெளியே வைத்தார்கள். எனினும் சில குவாரிகள் உள்ளேயே நின்றுவிட்டன. அவற்றுள் எல்டன் குன்றுக் குவாரி, மேலும் விரிக்க அனுமதி மறுக்கப்பட்டு 1999இல் மூடப்பட்டது. குன்றின் ஒரு பக்கம் இன்று இல்லை.

பெரிய வழக்கு லாங்ஸ்டன் முகட்டில் எழுந்தது. 1952இல் அங்குப் புளோர்ஸ்பார், பாரைட்டு ஆகிய கனிகளை எடுக்க அமைச்சர் அனுமதி வழங்கினார். எஃகு உலையில் கசடு இளகி ஓடப் புளோர்ஸ்பார் உதவுமாதலால், போருக்குப் பிந்திய நாட்களில் அது அவசரமான பொருள். அவற்றை எடுக்கும்போது கூடவே வெளிப்படும் பிற கனிகளையும் எடுக்கலாம் என்று அவ்வனுமதியில் ஒரு தொடர் இருந்தது. எவ்வளவு என்ற அளவு எழுதப்படவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின் அந்த ஒரு தொடரைப் பிடித்துக்கொண்டு, சிறிதளவு புளோர்ஸ்பாரை முன்னிட்டுப் பெருமளவு சுண்ணாம்புக் கல்லை வெட்டி விற்கலாயினர். கிராமத்தார் கூடி எதிர்த்தனர். பூங்கா நிர்வாகம் 2004இல் தடுப்பறிக்கை விடுத்தது. 2007இல் நடந்த விசாரணை நிர்வாகத்தின் பக்கம் நின்றது. 2008இல் உயர்நீதிமன்றம் அதை மாற்றிற்று. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் நிர்வாகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. இதற்குள் முகட்டின் ஒரு பகுதி போய்விட்டது. துணைவிதிகளில் ஒரு சொல்லுக்காக மகாசபைக் கூட்டத்தில் மணிக்கணக்கில் வாதிப்போரைக் கண்டு நகைக்கும் அங்கத்தினர்கள் இவ்வழக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

குவாரியை மூடுதல் எளிதென்று இதனால் கொள்ளலாகாது. அவ்வூர்களில் தலைமுறை தலைமுறையாய் இதனால் உண்டவர்கள் உள்ளனர். மலைப்புல்லில் ஆடு மேய்த்து மட்டும் ஒரு குடும்பம் பிழைப்பது அங்குக் கடினம். குவாரிக் கூலியும் பண்ணை வருவாயும் சேர்ந்தே பல வீடுகளில் அடுப்பெரிந்தது. அழகைக் காண வருவோர் மாலையில் நகருக்குத் திரும்பிவிடுவர். அங்கேயே இருப்பவருக்குக் காட்சியும் வேண்டும், கூலியும் வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் பேசுவோரிடம் நமக்கு நம்பிக்கை இல்லை.

கைவிட்ட குவாரிகள் என்னாகின்றன என்பதில் சிறிது ஆறுதல் உண்டு. மில்லர்ஸ் டேல் என்னுமிடத்தில் பழைய காளவாய்கள் ரயில் பாதையோரம் கோட்டைபோல் நிற்கின்றன. அங்குள்ள பழைய குவாரியின் தரையில் உரமற்ற மெலிந்த மண்ணே இருப்பதால், முரட்டுப்புல் மண்டாமல் ஆர்க்கிட் மலர்கள் பூக்கின்றன. உரமிட்ட மேய்ச்சல் நிலத்தில் அழிந்துபோன பூக்களுக்கு வெட்டிய குழியே புகலிடமாயிற்று. 1980களில் மான்செஸ்டர் ஆராய்ச்சியாளர்கள், செங்குத்தாய் நிற்கும் குவாரிச் சுவர்களை அளந்து வெடிவைத்துச் சரித்து, இயற்கைப் பள்ளத்தாக்கின் சாயலைத் தோற்றுவித்துப் பார்த்தனர்.

பூங்காவின் உள்ளேயே இன்றும் இயங்குவது ஹோப் பள்ளத்தாக்கின் சிமெண்டு ஆலை. சுண்ணாம்புக் கல்லும் களிப்பாறையும் அங்கு அடுத்தடுத்துக் கிடைப்பதால், பூங்கா தோன்றுவதற்கு முன்பே 1929இல் அது ஏற்பட்டது. 1943இல் நிலக்காட்சி அமைப்பாளர் ஜெப்ரி ஜெலிகோ, அவ்வாலையையும் குவாரியையும் மலையின் சாயலோடு இசைவிக்க 50 ஆண்டுக்கான திட்டம் ஒன்றை வரைந்து கொடுத்தார். எந்தக் கல்லை எப்போது வெட்டுவது, எந்த மேட்டைக் கடைசிவரை தொடாமல் திரையாய் விடுவது, எங்கே மரம் நடுவது என்பதெல்லாம் அதில் அடங்கும். அன்று நட்ட மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. குவாரிக்கு அளித்த அனுமதி 2042இல் முடிகிறது. அந்த ஆண்டில் ஓய்வுபெறும் வயதை எட்டப்போகும் தொழிலாளர்கள் இப்போது அங்கு வேலை செய்து வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அவ்வூரில் என்ன தொழில் என்பதற்கு மட்டும் இன்னும் எவரும் திட்டம் வரையவில்லை.